ஏறி உட்காரக் கூடாத பெட்டி

குவைத்தில் ஃபர்வானியா என்று ஓர் இடம். அங்கே ஒரு சந்து. சந்தில் ஏழு மாடிக் கட்டடம். அதன் கீழ்த்தளத்தில் மீரா சாகிப்பின் கார்கோ கடை இருக்கிறது. ஊருக்குச் சாமான் அனுப்புகிற கடை. இரண்டாம் மாடியில் இளவேனிலின் வீடு.

கார்கோ கடைக்கு மேலே வீடு இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? லீவில் ஊருக்குப் போகிற அப்பாவின் நண்பர்கள் எல்லாரும் அங்கே வந்துதான் பெட்டி கட்டுவார்கள். ஹாலில் அட்டைப்பெட்டி இல்லாத நாளே கிடையாது. கால் வைத்தால் கம்பளி, கை வைத்தால் பால்பவுடர் டின்.

"இது வீடா, ஏர்போர்ட்டா?" என்று அம்மா கேட்பார். கேட்டுவிட்டு, வந்தவருக்கு இன்னும் இரண்டு தோசை வார்ப்பார்.

இளவேனிலுக்கு அந்த அட்டைப்பெட்டிகள்தான் இந்தத் தடவை கை கொடுத்தன. அவள் ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் 'உலக நகரங்கள்' கண்காட்சி. யாருக்கு எந்த நகரம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். நான்காம் மாடி ஹிஃப்ஸாவுக்குக் கெய்ரோ வந்தது.

"மூணு பிரமிடு செஞ்சா போதும், வேலை முடிஞ்சுது!" என்று அவள் குதித்தாள்.

இளவேனிலின் சீட்டில் 'ஹிமேஜி' என்று எழுதியிருந்தது.

"இது ஊர் பேரா, ஆள் பேரா?" என்று கேட்டாள் ஹிஃப்ஸா. இளவேனிலுக்கும் தெரியவில்லை. முகம் தொங்கிப் போய்த்தான் வீட்டுக்கு வந்தாள்.

ஆனால் நூலகத்தில் இருந்து ஒரு பெரிய படப் புத்தகத்தை எடுத்து வந்து பிரித்தாள் பாருங்கள், அவ்வளவுதான், வாய் பிளந்துவிட்டாள். ஹிமேஜி ஜப்பானில் இருக்கிற ஒரு நகரம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஒரே நேர்த்தெரு. தெருவின் கடைசியில், குன்றின் மேல், வெள்ளை வெளேர் என்று ஒரு கோட்டை! ஐந்து அடுக்குக் கூரை. நானூறு வயது. அந்த ஊர்க்காரர்கள் அதை வெள்ளைக் கொக்கு என்று செல்லமாகச் சொல்வார்களாம்.

கோட்டை வாசலுக்குள் நுழைந்துவிட்டால் பாதை நேராகப் போகாது. வளையும், திரும்பும், வந்த இடத்துக்கே வந்தது போல இருக்கும். எதிரிகள் வந்தால் வழி தெரியாமல் திண்டாடட்டும் என்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள். 'நம்ம ஃபர்வானியா சந்து மாதிரியே' என்று இளவேனில் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் உழைத்தாள். அட்டைப்பெட்டியின் மேல்தாளை ஈரம் தொட்டு உரித்தால், உள்ளே வரி வரியாக இருக்கும். அதைச் சாம்பல் நிறம் பூசிக் கூரை ஓடு ஆக்கினாள். சுவருக்கு மைதாப் பசையில் டிஷ்யூ தாளை ஒட்டி வெள்ளை அடித்தாள். ஐந்து மாடியும் தனித்தனி. டிபன் கேரியர் போல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் கோட்டை. கழற்றினால் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு வைக்கலாம். கூரை உச்சியில் பிஸ்தா ஓட்டில் செய்த இரண்டு மீன்கள். எல்லாம் முடிந்ததும், ஆடக் கூடாதே என்று மாடிகளின் விளிம்பில் மட்டும் துளித்துளி பசை வைத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கோட்டை ரெடி. கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை.

அதே வியாழக்கிழமைதான் இஸ்ரவேல் மாமா வந்தார்.

இஸ்ரவேல் மாமா அப்பாவின் பழைய ரூம்மேட். குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர். எண்ணெய்க் கம்பெனி சைட்டில் வேலை. மூன்று வருடம் கழித்து இப்போதுதான் லீவு கிடைத்திருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் விமானம். இரண்டு கார்கோ பெட்டி, ஒரு சூட்கேஸ், முகம் நிறையச் சிரிப்பு, இவற்றோடு உள்ளே வந்தவர், மேசை மேல் இருந்த கோட்டையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"மக்களே, இது என்ன, கோட்டை மேல மீனு?"

"ஆமா மாமா."

"எங்க ஊர்ல மீனு வலையில கிடக்கும், சந்தையில கிடக்கும், சட்டியில கிடக்கும். கூரையில ஏறிக் கிடந்து நான் பாத்ததே இல்ல."

"இது சும்மா மீன் இல்லை மாமா. தலை புலி, உடம்பு மீன். தீப்பிடிச்சா இது கோட்டையைக் காப்பாத்தும்னு அந்தக் காலத்து ஆளுங்க நம்பினாங்க."

"அப்படியா! அப்ப நல்ல மீனுதான்." மாமா விரலால் அதன் வாலை மெல்லத் தொட்டார். "என் மக ஷாஜினி இதைப் பாத்தா விடவே மாட்டா. அவளுக்கு ஒம்பது வயசு."

"அவளுக்கு என்ன வாங்கினீங்க?"

மாமா சூட்கேஸைத் திறந்து ஒரு பொம்மைப் பெட்டியைக் காட்டினார். பெட்டியில் 'ஷாஜினிக்கு' என்று எழுதியிருந்தது. பிறகு அவர் முகம் கொஞ்சம் வாடியது.

"ஆனா அவ கேட்டது இது இல்ல, கேட்டியா? கிளாஸ்ல எல்லாரும் அவங்க அப்பா என்ன வேலைன்னு சொல்லணுமாம். இவ எழுந்து, எங்க அப்பா கம்பி கட்டுறாங்கன்னு சொல்லியிருக்கா. அது என்ன வேலைன்னு கேட்டிருக்காங்க. அவளுக்குச் சொல்லத் தெரியல்ல. ஒரு போட்டோ அனுப்புங்கப்பான்னு சொன்னா."

"அனுப்ப வேண்டியதுதானே?"

"சைட் கேட்லயே போனை வாங்கி வச்சிருவான். உள்ள போட்டோ எடுத்தா வேலையே போயிரும்."

மாமாவின் வேலை என்ன தெரியுமா? சாரம் கட்டுவது. உயரமான இடத்தில் வெல்டிங்கோ பெயின்ட்டோ செய்ய வேண்டும் என்றால், ஆட்கள் நிற்க இடம் வேண்டாமா? அதற்காக இரும்புக் குழாய்களை நட்டு, குறுக்கே கட்டி, பலகை போட்டு, ஏணி வைத்துக் கொடுப்பார்களே, அந்தச் சாரம்தான். அதில் ஏறலாமா கூடாதா என்று ஓர் அட்டை தொங்கும். பச்சை அட்டை என்றால் ஏறலாம். சிவப்பு அட்டை என்றால் கம்பெனி முதலாளியே வந்தாலும் ஏறக் கூடாது. அந்த அட்டைக்கு டேக் என்று பேர். கட்டியவரும் சரிபார்த்தவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

"நீங்க கட்டின சாரத்தை வெளியில ரோட்டில இருந்தாவது படம் எடுக்கலாமே மாமா?"

"அதுதான் மக்களே இதுல உள்ள கஷ்டம்." மாமா சிரித்தார். "வேலை முடிஞ்சா சாரத்தைப் பிரிச்சிருவோம். பதினாலு வருசம் கட்டியிருக்கேன். ஒண்ணுகூட இப்ப நிக்கல்ல."

அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். மாமா சாப்பிட்டுவிட்டு, விட்டுப்போன சாமான் வாங்க அப்பாவோடு கடைக்குக் கிளம்பினார்.

"நாளைக்கு ஹாலெல்லாம் பெட்டியும் ஆளுமா இருக்கும். உன் கோட்டையைப் பத்திரமா உள்ளே வை" என்றார் அம்மா.

இளவேனில் கீழே போய் மீரா சாகிப்பிடம் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வாங்கி வந்தாள். கோட்டையை அதற்குள் இறக்கினாள். எல்லாம் சரி, ஆனால் அந்த மீன்கள் இருக்கின்றனவே, அவை ஒரு விரல்கடை மேலே நின்றன. மூடி மூடவில்லை. பரவாயில்லை என்று ஒரு பழைய போர்வையை மடித்து மேலே போட்டு, மூடியை அரைகுறையாகச் சாத்தி, பெட்டியைச் சுவரோரம் வைத்தாள். எந்தச் சுவரோரம்? இஸ்ரவேல் மாமாவின் இரண்டு பெட்டிகள் இருந்தனவே, அதே சுவரோரம்!

வெள்ளிக்கிழமை காலை. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், அன்றைக்கு டியூட்டி. அப்பா மீன் மார்க்கெட்டுக்குப் போனார். ஹிஃப்ஸாவின் பிரமிடில் மணல் ஒட்டவில்லை என்று இளவேனில் நான்காம் மாடிக்கு ஓடினாள். இஸ்ரவேல் மாமா மட்டும் வீட்டில் இருந்தார். பத்து மணிக்கு அவர் பூசைக்குப் போக வேண்டும். குவைத்தில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அதனால் மாதா கோயிலிலும் அன்றைக்குத்தான் கூட்டம்.

மீரா சாகிப் மேலே வந்தார். "எத்தனை பெட்டி, இஸ்ரவேல்?"

"ரெண்டு" என்று சொல்ல வாய் திறந்த மாமா, மூன்றாவது பெட்டியைப் பார்த்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். யாராவது ஊருக்குப் போனால், அவர் கையில் ஒரு பொட்டலமோ பெட்டியோ கொடுத்துவிடுவது கல்ஃபில் எல்லாருக்கும் வழக்கம். வாங்கிக்கொள்கிறவர் 'இதில் என்ன இருக்கு?' என்று கேட்க மாட்டார். பிரித்துப் பார்க்கவும் மாட்டார். அது மரியாதை இல்லை.

'அருள்முருகன் ஊருக்கு ஏதோ வச்சிருக்கான். கேக்கக் கூச்சப்பட்டு ஓரமா வச்சிருக்கான் பாரு. மூணு நேரம் சோறு போடுறவன், இதுக்குப் போய் வெக்கப்படணுமா?' என்று மாமா நினைத்துக்கொண்டார். அருள்முருகன் என்பது இளவேனிலின் அப்பா.

"மூணு பெட்டி பாய்" என்றார்.

"இது மூடலையே."

"எந்தக் கல்ஃப் பெட்டி தானா மூடியிருக்கு?" என்று சிரித்தார் மாமா.

அது உண்மைதான். கல்ஃப் பெட்டி மூடுவதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. ஒருவர் பெட்டி மேல் ஏறி உட்கார வேண்டும். இன்னொருவர் சுற்றிச் சுற்றி டேப் ஒட்ட வேண்டும். கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையில் இஸ்ரவேல் மாமா ஏறி உட்கார்ந்தார்.

நறுக்.

"என்னமோ உடைஞ்ச மாதிரி இருக்கே?" என்றார் மீரா சாகிப்.

"பிஸ்கட்டா இருக்கும். நொறுங்கினாலும் ருசி போகாது. ஒட்டுங்க பாய்."

மீரா சாகிப் ஒட்டினார். மாமா தன் கையாலேயே கயிறு போட்டு, யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு ஒன்றும் போட்டார். நண்பனுக்கு உதவி செய்த சந்தோஷத்தில் பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி பூசைக்குப் போனார்.

பன்னிரண்டு மணிக்கு இளவேனில் திரும்பி வந்தாள். அப்பா சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். சுவரோரம் காலி.

"அப்பா! என் பெட்டி எங்கே?"

"எந்தப் பெட்டி?"

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. லிஃப்டுக்கும் காத்திருக்கவில்லை. இரண்டு மாடியும் படி இறங்கி ஓடினாள். கார்கோ கடையில் கூரை வரைக்கும் பெட்டிகள். எல்லாம் ஒரே மாதிரி. வாசலில் லாரி நின்றது.

"மீரா மாமா, என் கோட்டை! என் கோட்டையை ஊருக்கு அனுப்பிட்டீங்களா?"

"கோட்டையா? நான் கம்பளிதானே அனுப்புவேன்?" மீரா சாகிப்புக்கு ஒன்றும் புரியவில்லை.

நூறு பெட்டியில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இளவேனிலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் யோசித்தாள். அவளுடைய பெட்டியில் இருப்பது வெறும் அட்டையும் தாளும்தானே?

"மாமா, நீங்க எல்லாப் பெட்டியும் எடை போடுவீங்கதானே? எது ரொம்பக் குறைச்சல்?"

மீரா சாகிப் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஒண்ணு இருக்கு! மூணு கிலோ. முப்பது கிலோவுக்குக் கீழே இந்தக் கடைக்குப் பெட்டியே வந்ததில்லை. தராசு ரிப்பேர்னு நினைச்சு ரெண்டு தட்டுத் தட்டினேன்."

பெட்டியை இறக்கினார். கயிற்றை அறுத்து டேப்பைக் கிழித்தார். போர்வையை எடுத்தார்.

மேல் இரண்டு கூரையும் உள்ளே இறங்கிப் போயிருந்தன. ஒரு பக்கச் சுவர் மேலிருந்து கீழே வரைக்கும் பிளந்திருந்தது. ஒரு மீனுக்கு வால் இல்லை.

இளவேனில் அதைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். ஒரு மாதம்! ஒரு மாத உழைப்பு! இனி ஒன்றரை நாளில் என்ன செய்ய முடியும்? இஸ்ரவேல் மாமா மேல் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஊருக்குப் போகும் வரைக்கும் அவரோடு பேசப் போவதில்லை என்று முடிவு செய்தாள்.

பூசை முடிந்து மாமா வந்தார். அப்பா நடந்ததைச் சொல்வது கதவு வழியாகக் கேட்டது.

"நான்தான் ஏறி உட்காந்தேன், அருளு" என்றது மாமாவின் குரல். "பிஸ்கட்டுன்னு வேற சொன்னேன். பச்சப்புள்ள ராவும் பகலும் இருந்து செஞ்சது."

"விடுப்பா. தெரிஞ்சா செஞ்சே?"

சற்று நேரத்தில் கதவு மெல்லத் தட்டப்பட்டது. இளவேனில் திறந்தாள். மாமா நின்றார். கையில் அந்தப் பொம்மைப் பெட்டி.

"மக்களே, இதை நீ வச்சுக்க. மாமாகிட்ட வேற ஒண்ணும் இல்ல."

பெட்டியில் இருந்த 'ஷாஜினிக்கு' என்ற எழுத்தை அவர் கட்டை விரலால் மறைத்துப் பிடித்திருந்தார். பெரிய விரல்தான். ஆனாலும் 'ஷா' மட்டும் வெளியே தெரிந்தது.

அதைப் பார்த்ததும் இளவேனிலின் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இது ஷாஜினியோடது மாமா. எனக்கு வேண்டாம்."

"அப்ப நான் என்னதான் செய்யட்டும்? நீயே சொல்லு. எதுன்னாலும் செய்யுதேன்."

அவள் திரும்பி உடைந்த கோட்டையைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் ஹிமேஜிப் புத்தகம் கிடந்தது. அப்போதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. 'இது நமக்கு வேண்டாம், கோட்டையே தெரியவில்லை' என்று ஒரு பக்கத்தை மட்டும் அவள் வேகமாகத் தள்ளியிருந்தாள். இப்போது அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள்.

"மாமா, இங்கே பாருங்க. சில வருஷத்துக்கு முன்னாடி நிஜக் கோட்டையையே ரிப்பேர் பண்ணியிருக்காங்க. கூரை ஓட்டைச் சரி பண்ணி, சுவருக்குப் புதுசா வெள்ளைப் பூச்சு பூசியிருக்காங்க. அஞ்சு வருஷத்துக்கும் மேலே நடந்த வேலை. அப்போ கோட்டையைச் சுத்தி என்ன கட்டினாங்க தெரியுமா?"

மாமா புத்தகத்தை வாங்கினார். படத்தில் கோட்டையைச் சுற்றி, அதைவிட உயரமாக, அடுக்கடுக்காகக் கம்பிகள். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏ அம்மா! எவ்வளவு பெரிய சாரம்! கோட்டைக்கே ஒரு வீடு கட்டிப்புட்டான். பழைய சுவரு மேல சாய்க்காம தனியா நிக்க வச்சிருக்கான் பாரு. கெட்டிக்காரன். யாரு கட்டினது?"

"ஜப்பான்ல உங்களை மாதிரி மாமாங்க இருப்பாங்க இல்லே, அவங்க."

கோட்டை உடைந்தது தெரிந்த பிறகு மாமாவின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"என் கோட்டை உடைஞ்சிருக்கு. ரிப்பேர் நடக்குதுன்னு வைப்போம்" என்றாள் இளவேனில். "நீங்க சாரம் கட்டித் தாங்க. ஆனா குட்டியா."

"குட்டியாவா? மக்களே, நாளைக்குக் காலையில ஆரம்பிக்கணும். மெட்டீரியல் லிஸ்ட் போடு!"

ஹிஃப்ஸாவின் அப்பா கபாப் கடையில் வேலை செய்கிறார். செய்தி நான்காம் மாடிக்குப் போனதும், இறைச்சி குத்துகிற மூங்கில் குச்சிகள் இரண்டு கட்டு வந்தன. ஐஸ்கிரீம் குச்சிகள் பலகை ஆயின. குச்சி வழுக்காமல் நிற்க அடியில் சட்டைப் பொத்தான்கள். முடிச்சுப் போட அம்மாவின் தையல் நூல்.

சனிக்கிழமை முழுவதும் ஹால் ஒரு சைட் ஆகிவிட்டது. அப்பா சும்மா எட்டிப் பார்த்தால்கூட, "உள்ளே வராதே, வேலை நடக்குது!" என்று மாமா அதட்டினார்.

இளவேனில் இறங்கிப் போன கூரைகளை நிமிர்த்தி ஒட்டினாள். பிளந்த சுவரை மறைக்கவில்லை. பாதிக்குப் புதுப் பூச்சு பூசி, பாதியை அப்படியே விட்டாள். வேலை நடக்கிறது என்று தெரிய வேண்டாமா? மாமா குச்சி நட்டார், குறுக்கே கட்டினார், தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார், அவிழ்த்து மறுபடி கட்டினார். எவ்வளவு பெரிய கை! அந்தக் கையால் அவ்வளவு சின்ன முடிச்சு எப்படிப் போட்டார் என்பது இளவேனிலுக்குக் கடைசி வரைக்கும் விளங்கவில்லை.

"மாமா, மேல் தட்டில கைப்பிடிக் கம்பி வைக்க மறந்துட்டீங்க" என்று ஓர் இடத்தில் அவள் பிடித்தாள்.

"அடடா! எங்க சேஃப்டி ஆபீசரை விட நீ மோசம்."

தீக்குச்சியில் நான்கு ஆட்கள் செய்து, மஞ்சள் தாளில் தொப்பி போட்டு, சாரத்தில் நிற்க வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிற ஆளைக் காட்டி, "இது நீங்க" என்றாள். மாமா அந்த ஆளை ரொம்ப நேரம் பார்த்தார்.

வால் போன மீனுக்கு மாமாவே ஒரு புது பிஸ்தா ஓட்டை இழைத்து வால் வைத்தார். அதற்கு மட்டும் அவர் யாரையும் யோசனை கேட்கவில்லை. மீனைப் பற்றிக் குளச்சல்காரருக்கு யார் சொல்ல முடியும்?

கடைசியில் ஒரு சின்னச் சிவப்பு டேக், ஒரு பச்சை டேக். இரண்டிலும் 'கட்டியவர்: இஸ்ரவேல்' என்று கையெழுத்துப் போட்டார். சிவப்பை மட்டும் தொங்கவிட்டார்.

"நாளைக்கு நீங்களும் ஸ்கூலுக்கு வாங்க மாமா."

"நான் எதுக்கு மக்களே? எல்லாரும் இங்கிலீஷ்ல பேசுவாங்க. நான் போய் ஓரமா முழிச்சிட்டு நிக்கணும்."

"சரிபார்க்காம பச்சை டேக் மாட்டக் கூடாதுன்னு சொன்னது யாரு? கோட்டையைக் கொண்டுபோய் வெச்ச பிறகு நீங்க சரிபார்க்க வேண்டாமா?"

மாமா தலையை ஆட்டினார். விதி என்றால் விதிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பள்ளி மண்டபம் முழுக்க நகரங்கள். ஹிமேஜியின் ரயில் நிலையத்தெருவும், தெர்மோகோல் குன்றும், நீலத் தாளில் அகழியும் ஒரு பெரிய பலகையில் இருந்தன. குன்றின் மேல் சாரம் சூழ்ந்த வெள்ளைக் கோட்டை. ஊருக்குப் போவதற்கென்று எடுத்து வைத்திருந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாமா வந்தார். குனிந்து ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்தார். சிவப்பு டேக்கைக் கழற்றிப் பச்சையை மாட்டினார்.

நடுவராக வந்தவர் அனந்தகிருஷ்ணன் என்ற பொறியாளர். ஹிமேஜி மேசைக்கு வந்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"என்னம்மா, இவ்வளவு அழகான கோட்டையைக் குச்சியால மூடி வெச்சிருக்கே?"

"சார், இது ரிப்பேர் நடந்தபோது இருந்த ஹிமேஜி. அப்போ ஜனங்களை லிஃப்ட்ல மேலே கூட்டிட்டுப் போய்க் கூரை வேலையைப் பக்கத்துல காட்டினாங்க. சாரம் மட்டும் இல்லைன்னா இந்தக் கோட்டை இப்போ இவ்வளவு வெள்ளையா இருக்காது."

"ம்ம். சரி, இந்தக் குச்சியெல்லாம் ஏன் சாய்வாப் போகுது?"

இளவேனிலுக்கு அது தெரியாது. தெரியாததைத் தெரிந்தது போல அவள் சொல்லவில்லை. "அதைக் கட்டினவங்களையே கேளுங்க சார்" என்று திரும்பிக் கையைக் காட்டினாள்.

தூணுக்குப் பின்னால் நின்ற இஸ்ரவேல் மாமா திடுக்கிட்டார். பிறகு முன்னால் வந்தார். முதலில் குரல் தடுமாறியது. "சார், நேர்க்குச்சி மட்டும் இருந்தா காத்துக்கு ஆடும். சாய்வு போட்டாத்தான் அசையாது..." என்று தொடங்கியவர், சொல்லச் சொல்லத் தூணையும் மறந்தார், இங்கிலீஷையும் மறந்தார். நடுவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்து மேசைப் பாரிஸும் ரோமும் எழுந்து வந்து கேட்டன.

"பதினாலு வருஷமா இந்த வேலையா?" என்று கேட்டு நடுவர் மாமாவின் கையைக் குலுக்கினார். "நீங்க கட்டிக் கொடுத்தாத்தான் நாங்க மேலே ஏறவே முடியும்."

அவர் போனதும் மாமா மெதுவாகக் கேட்டார். "மக்களே, இங்க போட்டோ எடுக்கலாமா?"

"எவ்வளவு வேணும்னாலும் எடுக்கலாம் மாமா!"

மாமா தன் போனை அவளிடம் கொடுத்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு சாரத்தின் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். தான் கட்டிய சாரத்தோடு அவர் எடுத்துக்கொண்ட முதல் படம் அதுதான்.

ஹிமேஜிக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. கெய்ரோவுக்கு ஒன்றும் இல்லை. "மூணு முக்கோணத்துக்கு என்ன கொடுப்பாங்க?" என்று ஹிஃப்ஸாவே சொல்லிச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இளவேனில் அம்மாவிடம் போய்க் காதில் ஏதோ கேட்டாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார். பிறகு அவள் மாமாவைக் கூப்பிட்டாள். இருவருமாகச் சாரத்தைப் பிரித்தார்கள். குச்சிகளை எண் போட்டுக் கட்டினார்கள். விளிம்புப் பசையைக் கத்தி முனையால் மெல்ல எடுத்து, மாடிகளை ஒன்றுக்குள் ஒன்றாக இறக்கினார்கள். கோட்டை இப்போது ஒரு சின்னப் பெட்டியில் அடங்கிவிட்டது. மீன்களையும் தீக்குச்சி ஆட்களையும் பஞ்சில் சுற்றி மேலே வைத்தாள். பெட்டியைத் தூக்கி மாமாவின் கையில் கொடுத்தாள்.

"இது ஷாஜினிக்கு. அவ கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் நீங்க ரெண்டு பேரும் சாரம் கட்டிக் காட்டுங்க."

"ஐயோ, வேண்டாம் மக்களே! ஒரு மாசம் இருந்து செஞ்சது! நான் எப்படி..."

"மாமா, ஊருக்குப் போறவங்க கையில பெட்டி கொடுத்தா மறுபேச்சுப் பேசாம வாங்கிக்கணும். அதுதானே வழக்கம்?" என்றாள் இளவேனில். "இந்தப் பெட்டிக்கு மட்டும் இன்னொரு விதி இருக்கு. மேலே ஏறி உட்காரக் கூடாது."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மாமாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. குத்துகிற குச்சியை விமானத்தில் கையில் கொண்டுபோக விட மாட்டார்கள் என்று குச்சிக்கட்டை மட்டும் சூட்கேஸில் போட்டார். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினார்.

நான்கு நாள் கழித்து அம்மாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. ஒரு வகுப்பறை மேசை. அதன் மேல் வெள்ளைக் கோட்டை, சுற்றிலும் சாரம். சாரம் ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. முன்னால் பச்சை டேக். அதில் எழுத்துக் கூட்டி இப்படி எழுதியிருந்தது. 'கட்டியவர்: ஷாஜினி. சரிபார்த்தவர்: அப்பா.'

படத்தோடு ஒரு குரல் பதிவும் இருந்தது. இளவேனில் போனைக் காதில் வைத்தாள்.

"இளவேனில் அக்கா, நான் ஷாஜினி பேசுதேன். காலையில ரொம்பக் கோணலா இருக்குன்னு அப்பா சிவப்பு டேக் போட்டாங்க. மூணு தடவை பிரிச்சுக் கட்டின பிறகுதான் பச்சை கிடைச்சுது. டீச்சர் கேட்டாங்க, இந்தத் தீக்குச்சி ஆளுங்கள்ல உங்க அப்பா யாருன்னு. எல்லாத்துக்கும் மேலே நிக்கிறவங்கதான் எங்க அப்பான்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் அக்கா, பெட்டி மேல யாரும் உட்காரல்ல. பிளேன்ல சாப்பிடும்போதுகூட அப்பா அதை மடியிலயேதான் வச்சிருந்தாங்களாம்."